அடிக்கட்டை ஊருக்கு ஒரு விடுமுறைப் பயணம்
ஆறு வந்தால் மூழ்கும். ஆறு வடிந்தால் சிரிக்கும்!

அந்த ஊரில் வீடுகளுக்குக் கால் உண்டு.

வேடிக்கை அல்ல, உண்மை! ஒரு மாடி உயரத்துக்குத் தூண்கள். அந்தத் தூண்களின் மேல் மர வீடு. வாசலுக்குப் போக நீளமான படிக்கட்டு. வீட்டின் கீழே காலி இடம். அங்கே கார் நிற்கும், படகும் கிடக்கும்.

ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்? ஆறு வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால்தான்!

ஆறு வீட்டுக்குள் வரும் ஊருக்கு யாராவது விடுமுறைக்குப் போவார்களா? போகிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த ஊரின் பெயர் கெர்ன்வில். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே சுமார் 75 மைல் தூரம். மக்கள் தொகை சுமார் 4,500 தான். சுற்றிலும் மலை, காடு, திராட்சைத் தோட்டம். நடுவே ஓர் ஆறு.

சனி, ஞாயிறு இரண்டு நாள் நமக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாருங்கள், அந்த ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

அமெரிக்காவில் ரஷிய ஆறு!

அந்த ஆற்றின் பெயர் 'ரஷிய ஆறு'. ரஷியாவுக்கும் இந்த ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

1812-ம் ஆண்டு ரஷியர்கள் கப்பலில் வந்து, இந்த ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே ஒரு மரக் கோட்டை கட்டினார்கள். கடல் நீர்நாய்களை வேட்டையாடி, அவற்றின் தோலை விற்பதுதான் அவர்களுடைய வேலை. கடல் நீர்நாய்கள் குறைந்து போயின. 1841-ம் ஆண்டு கோட்டையை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆள் போனாலும் பெயர் போகவில்லை.

ரஷியர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே போமோ என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். இந்த ஆற்றில் மீன் பிடித்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை

சான் பிரான்சிஸ்கோவில் இருந்து காரில் புறப்படுகிறோம். புகழ் பெற்ற 'தங்க வாசல்' பாலத்தைக் கடந்து வடக்கே போகிறோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. இரு பக்கமும் கொடிகள். நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாக நிற்கின்றன.

இங்கே ஒயின் செய்வதற்கான திராட்சை விளைகிறது. அதற்குக் காரணம் மூடுபனி.

பகலில் நல்ல வெயில் அடிக்கும். மாலையானால் பசிபிக் கடலில் இருந்து மூடுபனி கிளம்பும். ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக உள்ளே நுழையும். இரவெல்லாம் குளிர். இதனால் திராட்சை அவசரப்பட்டுப் பழுக்காது. மெல்ல மெல்லப் பழுக்கும். இனிப்பு ஏறும், புளிப்பும் போய்விடாது. 'பினோ நுவார்' என்ற கருந்திராட்சைக்கு இந்தக் குளிர்ச்சி மிகவும் பிடிக்கும்.

கெர்ன்வில்லுக்கு இரண்டு, மூன்று மைல் முன்னால் கோர்பெல் ஒயின் சாலை இருக்கிறது. செங்கல் கட்டிடம், பழைய கோபுரம், அழகான தோட்டம்.

இதைத் தொடங்கியவர்கள் கோர்பெல் சகோதரர்கள் மூவர். ஐரோப்பாவில் பொகீமியா என்ற பகுதியில் பிறந்தவர்கள். அது இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வந்து முதலில் சுருட்டுப் பெட்டிகள் செய்தார்கள். பிறகு மரம் அறுத்தார்கள். காட்டை வெட்டிய பிறகு, அந்த நிலத்தில் திராட்சை நட்டார்கள். 1882-ம் ஆண்டு ஒயின் தொழில் தொடங்கியது.

பாட்டிலுக்குள் காற்று

இங்கே நுரை பொங்கும் ஒயின் செய்கிறார்கள். நுரை எப்படி வருகிறது தெரியுமா?

ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். அப்போது காற்று உண்டாகும். வெளியேற வழி இல்லாததால் அது ஒயினிலேயே கரைந்து நிற்கும்.

பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். வண்டல் எல்லாம் கழுத்துக்கு வந்து சேரும். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியோடு சேர்ந்து 'டப்' என்று வெளியே தெறிக்கும். உடனே தக்கையை அடைத்து, கம்பியால் கட்டிவிடுவார்கள்.

1920-ம் ஆண்டு முதல் 1933-ம் ஆண்டு வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அப்போது இந்த வட்டாரத்தில் பல ஒயின் சாலைகள் மூடப்பட்டன. மதுவிலக்கு போன பிறகுதான் தொழில் மீண்டும் தலை தூக்கியது.

பெயர் வந்த கதை

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஊருக்குள் நுழைகிறோம். ஒரே ஒரு கடைத்தெரு. ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்து விடலாம்.

இந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'அடிக்கட்டை ஊர்'! மரத்தை வெட்டிய பிறகு தரையில் மிஞ்சுமே, அந்த அடிக்கட்டைதான்.

ஒரு காலத்தில் இங்கே செம்மரக் காடு இருந்தது. நம் ஊரில் செஞ்சந்தனத்தைச் செம்மரம் என்கிறோமே, அது அல்ல. இது 'ரெட்வுட்' என்ற மரம். உலகத்திலேயே மிக உயரமாக வளரும் மரம் இதுதான். மரம் எளிதில் உளுத்துப் போகாது. பூச்சியும் எளிதில் அரிக்காது.

சான் பிரான்சிஸ்கோ நகரம் வளர்ந்தபோது வீடு கட்ட மரம் வேண்டியிருந்தது. கோடரிக்காரர்கள் இங்கே வந்தார்கள். ஜார்ஜ் கெர்ன் என்பவர் மரம் அறுக்கும் ஆலை நடத்தினார். அவர் பெயர்தான் ஊருக்கு வந்தது. 1877-ம் ஆண்டு ரெயில் வந்தது. மரம் ரெயில் ஏறிப் போயிற்று.

ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரங்கள் சில நாட்களில் விழுந்தன. காடு இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் மட்டுமே மிஞ்சின. ஊர் மக்களே தங்கள் ஊருக்கு அந்தப் பெயரை வைத்துச் சிரித்தார்கள்.

மரம் தீர்ந்தால் பிழைப்பு ஏது? மரம் ஏற்றிய அதே ரெயில் கைகொடுத்தது. நகரத்து மக்கள் ஆற்றில் குளிக்க ரெயில் ஏறி வந்தார்கள். தங்கும் விடுதிகள் முளைத்தன. 1935-ம் ஆண்டு ரெயில் நின்றுவிட்டது. அதன் பிறகு கார்கள் வந்தன.

யார் வந்தாலும் இடம்

சனிக்கிழமை மாலை ஆற்றங்கரையில். கோடையில் இங்கே மழை அநேகமாக இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிடும். ஆகவே கோடை வந்ததும் ஆற்றின் குறுக்கே தற்காலிக அணை போடுகிறார்கள். ஆறு குளம்போல நிறைகிறது. மழைக்காலத்துக்கு முன் அணையை எடுத்துவிடுகிறார்கள்.

குழந்தைகள் தண்ணீரில் துள்ளுகிறார்கள். பெரியவர்கள் படகு தள்ளுகிறார்கள். 1922-ம் ஆண்டு கட்டிய ஓர் இரும்புப் பாலம் ஆற்றின் மேல் நிற்கிறது. அதில் இப்போது வண்டிகள் போவதில்லை. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலம் நடப்பவர்களுக்கு மட்டும். மாலை நேரத்தில் நடுப்பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பது ஒரு தனி சுகம்.

தெருவில் பல நிறத்துக் கொடிகள் பறக்கின்றன. ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் 1970-களின் கடைசியில் இருந்து இந்த ஊருக்கு வரத் தொடங்கினார்கள். வெளியே ஏச்சும் பேச்சும் கேட்டவர்கள் இங்கே நிம்மதி கண்டார்கள். கடை வைத்தார்கள், விடுதி நடத்தினார்கள், ஊரோடு ஊராகிவிட்டார்கள். மரம் வெட்டிய குடும்பமும், திராட்சை பயிரிடும் குடும்பமும், இவர்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள்.

ஆறு ஊருக்குள் வந்த நாள்

இனிதான் பயங்கரம்.

கோடையில் குழந்தை விளையாடும் இதே ஆறு, குளிர்காலத்தில் பேயாக மாறும். பசிபிக் கடலின் மேல் நீராவி திரண்டு, ஒரு நீண்ட பட்டைபோல் வானத்தில் மிதந்து வரும். இதை 'வானத்து ஆறு' என்கிறார்கள் விஞ்ஞானிகள். அது இந்த மலைகளில் மோதினால் கொட்டோ கொட்டு என்று கொட்டும். பள்ளத்தாக்கு குறுகியது. தண்ணீர் பரவ இடம் இல்லை. மேலே ஏறுவது தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

ஆற்றில் தண்ணீர் 32 அடி உயரத்தை எட்டினால் வெள்ளம் என்பது இங்கே கணக்கு. 1986-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆறு சுமார் 49 அடிக்கு ஏறியது! 1995-ம் ஆண்டு ஜனவரியில் 48 அடி. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி 45 அடிக்கும் மேல்.

2019-ம் ஆண்டு வந்த வெள்ளத்தில் ஊர் தீவாகிவிட்டது. ஊருக்குப் போகும் சாலைகள் எல்லாம் தண்ணீருக்குள். படகில்தான் போகலாம். ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஏராளமான வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது.

தண்ணீர் வடிந்ததும் என்ன மிஞ்சும்? சேறு! கட்டிலில் சேறு, அடுப்பில் சேறு, குழந்தையின் புத்தகத்தில் சேறு. நனைந்த சாமான்களை எல்லாம் தெருவில் குவிக்க வேண்டும். வீட்டுச் சுவரைப் பிய்த்து உலர்த்த வேண்டும்.

"போதும் இந்த ஊர்" என்று விட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் பலர் போகவில்லை. வீட்டைத் தூக்கினார்கள்!

வீட்டைத் தூக்குவது எப்படி?

மர வீடு கல் வீட்டைப்போல் கனக்காது. வீட்டின் அடியில் நீளமான இரும்பு உத்திரங்களைச் செருகுகிறார்கள். பல இடங்களில் 'ஜாக்கி' வைக்கிறார்கள். கார் சக்கரம் மாற்ற வைப்போமே, அதன் பெரிய அண்ணன்! எல்லா ஜாக்கிகளையும் ஒரே சமயத்தில், அங்குலம் அங்குலமாக உயர்த்துகிறார்கள். மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு கீழே புதுத் தூண்கள் எழுப்பி, வீட்டை அதன் மேல் இறக்குகிறார்கள்.

இதற்கு நிறையப் பணம் வேண்டும். பல வீடுகளுக்கு அரசாங்கம் உதவி செய்தது. வெள்ளம் வந்த பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட, வருவதற்கு முன் வீட்டைத் தூக்கிவிடுவது லாபம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கால் முளைத்த வீடுகளின் கதை இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை: வெட்டாத காடு

மறுநாள் காலையில் மேற்கே போனால், ஆறு கடலில் சேரும் ஜென்னர் என்ற சிற்றூர். மணல் திட்டில் கடல் நாய்கள் வெயில் காய்கின்றன. வசந்த காலத்தில் குட்டிகளையும் பார்க்கலாம். அருகில் போகக்கூடாது. போனால் தாய் பயந்து குட்டியை விட்டு ஓடிவிடும்.

பிற்பகலில் ஊருக்குத் திரும்பி, வடக்கே இரண்டு மைல் போகிறோம். அங்கே ஓர் அதிசயம்! எல்லா மரமும் வெட்டப்பட்ட ஊரின் பக்கத்தில், வெட்டப்படாத செம்மரக் காடு! பரப்பு 805 ஏக்கர்.

இதைக் காப்பாற்றியவர் யார்? அவரும் ஒரு மர வியாபாரிதான்! கர்னல் ஜேம்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர். மற்றவர்கள் வெட்டிக்கொண்டிருந்த 1870-களில், "இந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும்" என்று ஒதுக்கி வைத்தார். அவர் இறந்த பிறகு அவருடைய மகளும் சில நண்பர்களும் ஊர் ஊராகப் பேசி ஆதரவு தேடினார்கள். 1917-ம் ஆண்டு சோனோமா மாவட்ட நிர்வாகம் 80 ஆயிரம் டாலர் கொடுத்து இந்தக் காட்டை வாங்கியது. 1934-ம் ஆண்டு மாநில அரசு பொறுப்பேற்றது.

உள்ளே நுழைந்தால் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. ஒரு மரம் 310 அடி உயரம். நாலு பனைமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரம், அவ்வளவு! இன்னொரு மரத்துக்கு வயது 1,400-க்கு மேல். அதற்குக் கர்னலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். திராட்சைக்குக் குளிர்ச்சி தரும் அதே மூடுபனிதான், மழை இல்லாத கோடையில் இந்த மரங்களுக்குத் தண்ணீர் தருகிறது.

2020-ம் ஆண்டு ஆகஸ்டில் மின்னல் தாக்கிக் காட்டுத்தீ பிடித்தது. தீ இந்தக் காட்டுக்குள்ளும் நுழைந்தது. ஊர் மக்களை வெளியேறச் சொன்னார்கள். முந்திய ஆண்டு வெள்ளம், மறு ஆண்டு நெருப்பு! ஆனால் பழைய மரங்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. செம்மரத்தின் பட்டை மிகத் தடித்தது. எளிதில் தீப்பிடிக்காது.

இந்த மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. வெட்டினால் சாகாது. அடிக்கட்டையைச் சுற்றிப் புதுத் துளிர்கள் கிளம்பும். அவை வளர்ந்து, ஒரு வட்டமாக நிற்கும். நடுவில் உளுத்த அடிக்கட்டை. சுற்றிலும் அதன் பிள்ளைகள்! ஊரைச் சுற்றி இப்படி எத்தனையோ மர வட்டங்கள்.

அன்று கோடரிக்காரர்கள் வெட்டி விற்ற மரங்களின் பணம் எப்போதோ செலவாகிவிட்டது. கர்னல் வெட்டாமல் விட்ட மரங்களோ இன்றும் ஊருக்குச் சோறு போடுகின்றன. அவற்றைப் பார்க்கத்தான் உலகத்தின் பல பகுதிகளில் இருந்தும் மக்கள் வருகிறார்கள்.

பொழுது சாய்கிறது. திரும்ப வேண்டிய நேரம். பழைய பாலத்தின் மேல் ஒருமுறை நடக்கிறோம். கீழே ஒரு சிறுவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் தங்கைக்கு நீந்தக் கற்றுக் கொடுக்கிறான். அவர்களுக்குப் பின்னால், கரையில் ஒரு வீடு, உயரமான கால்களில் நின்றபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.