பரிதாபமாக

மன்னார்ச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல் பழகிப்போயிருக்கும். படகு கவிழ்ந்து மீனவர் பரிதாபமாகப் பலி. புகையிரதக் கடவையில் இளைஞர் பரிதாபமாக உயிரிழப்பு. கிணற்றில் விழுந்து குழந்தை பரிதாபச் சாவு. எழுதுகிறவர் மனமில்லாமல் எழுதுவதில்லை. அவரும் இந்த மண்ணின் ஆள்தான். செத்தவரின் வீட்டு வாசலுக்கும் போய்வந்திருப்பார். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் செய்தி முடிந்துவிடுகிறது. கடவைக்குக் காவலாளி இருந்தாரா, படகில் உயிர்காப்பு அங்கி இருந்ததா, கிணற்றுக்குக் கட்டு இருந்ததா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. இரங்கியாயிற்று, இனி என்ன என்பதுபோல.

பரிதாபம் வடமொழியிலிருந்து வந்தது. தாபம் என்றால் சூடு. பரிதாபம் என்றால் சுற்றிலும் பற்றி எரிகிற வேதனை. அங்கே எரிவது வேதனைப்படுகிறவரின் உள்ளம். நாம் அதைத் தூக்கிச் சாவின் முன்னால் ஒட்டிவிட்டோம்.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. இரக்கத்துக்கு அங்கே பிட்டி என்று பெயர். பக்தியைக் குறிக்கும் பயட்டியும் அதுவும் லத்தீனில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிட்டிஃபுல் என்றால் முன்பு இரக்கம் நிறைந்தவர் என்று பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், யாக்கோபு நிருபம் ஆண்டவரையே அந்தச் சொல்லால் குறிக்கிறது. பிறகு அது இரங்குகிறவரை விட்டு இரங்கப்படுகிறவர்மேல் ஏறியது. நாளடைவில் இளக்காரமும் சேர்ந்துகொண்டது. இன்று ஒரு சம்பளம் கேவலமாகக் குறைவு என்று சொல்லவும் பிட்டிஃபுல்லி என்கிறார்கள். அதன் உறவுக்காரச் சொல்லான பிட்டியஸ்லி மட்டும் அழுகையையும் முனகலையும் விட்டு இன்னும் விலகவில்லை. மேலே நின்று கீழே பார்க்கும் இரக்கம் எந்த மொழியிலும் நெடுநாள் இரக்கமாக நிற்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரங்குவது எப்படி என்று மன்னார்ச் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவக்காலத்தில் இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் பசாம் படிப்பார்கள். அந்தச் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. இயேசுவின் பாடுகளைக் குறிப்பது. படிக்கிற நூல் வியாகுல பிரசங்கம். எழுதியவர் கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். நம் முன்னோர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்றார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்குத் தடை இருந்த காலம் அது. தமிழிலும் சிங்களத்திலும் தேர்ந்து, இரண்டிலும் எழுதி, 1742இல் இந்தத் தீவிலேயே இறந்தார்.

பசாமில் அழுகைக்குக் குறைவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிகள் வாய்விட்டே அழுவார்கள். ஆனால் அந்த அழுகை ஒன்றையும் விட்டுவைக்காது. முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவன் யார், சேவல் கூவுமுன் மறுதலித்தவன் யார், குற்றமில்லை என்று தெரிந்தும் கை கழுவிய அதிகாரி யார் என்று ஒவ்வொரு செயலும் செய்தவன் பெயரோடு வரும். தாயின் துயரம் அந்தக் கணக்கோடு சேர்ந்தே வரும். இயேசு பரிதாபமாக இறந்தார் என்று ஒரே வரியில் முடித்திருந்தால் முந்நூறு ஆண்டு இதை யார் படித்திருப்பார்கள்?

இதே வழியில் நின்ற ஒருவரை நம் காலத்திலும் கண்டோம். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை சாட்சியம் அளித்தார். இறுதிப் போரில் சிக்கிய வன்னிச் சனத்தின் அவலத்தை உருக்கமாகச் சொல்ல அவரிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. அவர் கொண்டுபோனதோ ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 அன்று ஐ.நா. கணக்குப்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? இரண்டு தொகையும் அரச அலுவலகத்திலும் ஐ.நா. அறிக்கையிலும் இருந்தவை. அவர் 2021 ஏப்ரலில் காலமாகும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இரங்கற்பா எத்தனையோ எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆறு இலக்கம் செய்த வேலையை அவற்றில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவரைக்கூட விட்டுவிடாமல் எண்ணுவது அன்பில்லாதவரால் ஆகிற காரியமில்லை.

ஆகவே, செய்தி எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அது பிடித்திருந்த இடத்தில் ஒரு விவரம் எழுதுங்கள். கடவையில் இதற்கு முன் எத்தனை பேர் அடிபட்டார்கள், ஊரவர் எப்போது முறையிட்டார்கள், எந்த அலுவலகம் பதில் தரவில்லை என்று எழுதுங்கள். வாசிக்கிறவருக்கு இரக்கம் தானாக வரும், கோபமும் வரும்.

உறவுகளை இழந்தவர்கள் கேட்பதும் விவரத்தைத்தான். 2022 மார்ச்சில், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. வடக்கு, கிழக்கில் ஆண்டுக்கணக்காகப் போராடிவந்த தாய்மார் அதை வேண்டாம் என்றார்கள். பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தோம், எங்கே கொண்டுபோனீர்கள், பொறுப்பானவர் யார் என்பதற்குப் பதில் கேட்டார்கள். இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள்.