வினாவுக்குள் நின்று விடை காணல்

தலவாக்கலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயில்கிறாள் எனக் கொள்ளலாம். வினா இது: "தேயிலை விளையும் இடமெல்லாம் குளிர்நாடு. காலியில் தேயிலை விளைகிறது. காலி எத்தகைய நாடு?" காலி கடலோர வெப்பநாடு என்பதை அவள் அறிவாள். ஆயினும் விடை "குளிர்நாடு" என்பதே.

1931-32இல் உஸ்பெகிஸ்தானத்தில் உளவியலறிஞர் லூரியா, பனிசூழ்ந்த வடதிசைக் கரடிகளெல்லாம் வெண்ணிறமெனக் கூறி, அங்குள்ள நோவாயா செம்லியாத் தீவுகளின் கரடி என்ன நிறமென உழவர்களை வினவினார். தாம் கண்டதில்லையெனப் பலர் விடை மறுத்தனர். அஃது அறியாமையன்று, காணாததைக் கூறாத நேர்மை.

இத்தகைய வினா அளப்பது கூற்றின் மெய்ம்மையை அன்று. கூற்றினின்று முடிவு பிறக்கும் நெறியையே. இவ்வேறுபாட்டை உணர்த்தாது புள்ளியைக் குறைத்தல் அநீதி. அவளறிவை முதலிற் பாராட்டி, "இக்கூற்று மெய்யாயின்?" என்று பின்னர் வினவுதலே ஆசிரியர் கடன்.