ஓடுங்கள்... சனிக்கிழமை மட்டும் வேண்டாம்!

விடியற்காலை ஐந்து மணி. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வாசல் தெளிக்க வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் பழகிய முகம். கான்வாஸ் ஷூ, நனைந்த பனியன், இது மூன்றாவது சுற்று. நாலு மாதமாக ஒருநாள்கூட விட்டதில்லை. தொப்பை குறைந்திருக்கிறது, சுகரும் இறங்கியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால், கொஞ்ச நாளாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு வலி. "இன்னிக்கு ஒருநாள் பேசாம இருங்களேன்" என்று மனைவி சொன்னால், "ஒருநாள் விட்டா அத்தனையும் போயிடும்" என்று லேசாக நொண்டிக்கொண்டே கிளம்புகிறீர்கள்.

பெருமாளே பள்ளிகொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு, வாரத்தில் ஒருநாள் சும்மா இருக்கத் தெரியவில்லையே உங்களுக்கு!

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டால் ஒன்றும் போகாது. ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால்கூட, தம் கட்டும் சக்தி கணிசமாகக் குறைய இரண்டு வாரம் போல ஆகும்.

ஓடும்போதுதான் உடம்பு பலமாகிறது என்று நினைக்கிறோம். இல்லை; ஓடும்போது தேய்கிறது, ஓய்வில்தான் பலமாகிறது. ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஐயாயிரம் அடிக்குக் குறையாது, அதுவும் சிமென்ட் ரோட்டில்! தசையில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. தசைக்குள் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அது மறுபடி நிரம்ப ஒருநாளுக்கு மேல் ஆகலாம். எலும்பு சமாச்சாரம் இன்னும் மெதுவானது. தேய்ந்த இடத்தை உடம்பு முதலில் தோண்டி எடுக்கிறது, அப்புறம்தான் புதிதாகப் பூசுகிறது. தோண்டுவது சில வாரங்களில் முடியும். பூசி முடிக்க மாதக்கணக்காகும். தோண்டிய இடத்திலேயே தினமும் இடித்தால்? விரிசல்தான்.

ரோஜர் பானிஸ்டர் கதை தெரியுமா? லண்டனில் டாக்டருக்குப் படித்துக்கொண்டே, ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தவர். 1954 ஏப்ரலில், கால் மைல் தூரத்தைப் பத்துத் தடவை ஓடிப் பழகினார். நேரம் 61 விநாடியிலேயே நின்றுவிட்டது. என்ன முட்டியும் இறங்கவில்லை. வெறுத்துப்போய் நண்பரோடு ஸ்காட்லாந்து மலைப்பக்கம் போய்விட்டார். சில நாள் ஓட்டமே இல்லை. திரும்பி வந்து ஓடினால், 59 விநாடி! போட்டிக்கு முந்தைய ஐந்து நாளும் முழு ஓய்வு. மே 6-ம் தேதி ஓடிய மைலுக்கு ஆன நேரம், 3 நிமிடம் 59.4 விநாடி. உலகத்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது.

சரி, நமக்கு எத்தனை நாள் ஓய்வு? புதிதாக ஆரம்பித்தவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும். பழகியவர்களுக்கும் வாரத்தில் ஒருநாளாவது கட்டாயம். எது என்று குழம்ப வேண்டாம். நம் வீட்டு ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால், அன்று அலையக்கூடாது என்று பாட்டி சொல்வாளே... அதே நாள்தான். பெண்களுக்கு வெள்ளி.

ஓய்வு என்று சொல்லிவிட்டு மலைக்கோட்டைப் படி ஏறுகிற ஆசாமிகளும் உண்டு. இறங்கும்போது முழங்காலும் தொடையும் வாங்கும் அடி கொஞ்சமில்லை. 'பானிஸ்டர் மலை ஏறினாரே' என்று மடக்காதீர்கள். அவருக்கு அப்போது வயது 25! அம்மா மண்டபம் வரை காலாற நடந்துவிட்டு வாருங்கள், அது தப்பில்லை. சர்க்கரைக்காரர்கள் அப்படி நடப்பதே நல்லது. உடற்பயிற்சியால் சர்க்கரை கட்டுப்படுவது ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே செய்யாமல் இருக்கவேண்டாம். மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரைக் கேட்காமல் மாற்றவும் வேண்டாம்.

திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் ராத்திரி தூக்கமே இல்லையென்றால், மறுநாளும் லீவுதான். காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடியிருந்தால், அன்றைக்கு ஷூவைத் தொடாதீர்கள்.

இப்போது அந்த முன்னெலும்பு வலிக்கு வருவோம். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால், சில நாள் ஓய்விலேயே அடங்கத் தொடங்கும். ஒரே இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் உயிர் போகிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். ஒரு விஷயம், இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். 'படம் சுத்தமா இருக்கு' என்று மறுநாளே உத்திர வீதியில் இறங்கிவிடாதீர்கள்.