வெளியே ரைபிள்... உள்ளே மஸ்கட்! "த்ரீ நாட் த்ரீ" துப்பாக்கியின் ஆள் மாறாட்டம்

போலீஸ் நிலைய வாசலில் பாரா நின்ற காவலர் தோளில் தொங்கிய நீளமான மரக்கட்டை துப்பாக்கியை நடுத்தர வயதை தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்.சி.சி.யில் இருந்தவர்கள் அதை சுமந்து வெயிலில் பரேடு நடந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஜனங்கள் வைத்த பெயர் ஒன்றுதான், "த்ரீ நாட் த்ரீ".

ஆனால் அப்படி அழைக்கப்பட்ட எல்லாமே த்ரீ நாட் த்ரீ அல்ல. வெளியே அச்சு அசலாக அதே தோற்றம். உள்ளே விஷயமே வேறு!

என்ன மாற்றினார்கள்?

அசல் துப்பாக்கியின் பெயர் லீ-என்பீல்டு. இதில் பிரபலமான மார்க்-3 ரகம் 1907-ல் வந்தது. எடை சுமார் 4 கிலோ. மேகசினில் 10 தோட்டா போடலாம். குழல் துவாரம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லி மீட்டர். குழலுக்குள் மரை போல சுருள் பள்ளம் இருக்கும். குண்டு சுழன்றபடி போவதால் தூரத்திலும் குறி தப்பாது.

இந்தியாவில் போலீசுக்காக இதில் கை வைத்தார்கள். குழலை 0.410 அங்குலத்துக்கு (10.4 மி.மீ.) குடைந்து, பள்ளமே இல்லாமல் வழவழப்பாக்கினார்கள். மேகசின் இடத்தை மரக்கட்டை வைத்து அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டாதான். ரைபிள் மஸ்கட் ஆகிவிட்டது! கொல்கத்தா அருகே உள்ள இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் இந்த வேலை நடந்தது.

ஏன் இப்படி?

ஊருக்குள் காவல் காக்கும் போலீசுக்கு வெகுதூரம் பாயும் குண்டு தேவையில்லை. துப்பாக்கி பறிபோனாலும் அதை வைத்து பட்டாளத்தோடு மோத முடியாது.

இந்த பழக்கம் புதுசு இல்லை. 1857 சிப்பாய் புரட்சிக்கு பொறி வைத்தது, என்பீல்டு ரைபிள் தோட்டாவில் கொழுப்பு தடவியிருப்பதாக வந்த பேச்சு. புரட்சியை அடக்கிய வெள்ளைக்காரர்கள், இந்திய சிப்பாய்களுக்கு பள்ளம் இல்லாத வழவழப்பு குழல் துப்பாக்கியை கொடுத்தார்கள். பார்க்க அதே என்பீல்டு. பாய்ச்சலில் மட்டும் ஒரு படி கம்மி!

கண்டுபிடிப்பது எப்படி?

பழைய துப்பாக்கிதானே என்று அலட்சியம் கூடாது. உள்ளே தோட்டா இல்லை என்பதை விஷயம் தெரிந்தவர் உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம்.

* பின்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், வலது பக்கம் பார்க்க வேண்டும். கிரீடம், தொழிற்சாலை பெயர், வருடம் இருக்கும். "ஜி.ஆர்." என்றால் இங்கிலாந்து தயாரிப்பு. "ஜி.ஆர்.ஐ." என்றால் இந்திய தயாரிப்பு. அசோக சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்கு பிந்தையது.

* குழல், போல்ட், முன்மூடி எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருந்தால் பாகங்கள் மாறவில்லை. நம்பர் வேறு வேறாக இருந்தால் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது.

* முன்கட்டையில் குறுக்கே ஒரு ஸ்குரு இருந்தால் அது இஷாபூர் கைவேலை. செம்புக்கம்பி சுற்றியிருந்தால், கையெறி குண்டு வீசுவதற்காக பலப்படுத்தியது.

* "டி.பி." முத்திரை இருந்தால் பயிற்சிக்கு மட்டும். சுடவே கூடாது.

* கடைசி சோதனை குழல்தான். போல்ட்டை கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் சுருள் பள்ளம் தெரிய வேண்டும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் மஸ்கட்!

எமரி பேப்பர் எமன்!

பழசை புதுசாக்குகிறேன் என்று எமரி பேப்பரும் கம்பி பிரஷ்ஷும் எடுப்பவர்கள்தான் அதிகம். பளபளப்பு வரும், முத்திரை போய்விடும். முத்திரை போனால் அது வெறும் இரும்பு. இரும்புக்கு லேசான எண்ணெயும், மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெயும் போதும்.

2-ம் உலகப்போருக்கு பிறகு இங்கிலாந்து, கனடா, அமெரிக்காவில் இந்த ரைபிள்கள் சல்லிசாக விற்கப்பட்டன. வேட்டைக்காரர்கள் எடையை குறைக்க முன்கட்டையை அறுத்துப் போட்டார்கள். அதே காலத்து கட்டையை தேடிப்பிடித்து பொருத்தி, பழைய உருவத்துக்கு கொண்டு வருபவர்கள் அங்கே ஏராளம். குழலையும் அறுத்திருந்தால்தான் சிக்கல்.

ஆனால் நம்ம ஊர் மஸ்கட்டை அப்படி "அசல்" ஆக்குவது தப்பு. ஏனென்றால் அந்த மாற்றம்தான் அதன் சரித்திரம். மரக்கட்டையை பிடுங்கி மேகசினை மாட்டினால், யார் யாரை நம்பவில்லை என்பதற்கான சாட்சியே அழிந்துவிடும். வேட்டைக்காரர் அறுத்தது சேதம். அரசாங்கம் குடைந்தது ஆவணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும், மாற்றி அமைக்கவும் லைசென்ஸ் வேண்டும். தாத்தா காலத்து பெட்டியிலோ பரணிலோ இப்படி ஒன்று கிடைத்தால் தொட்டு நோண்டாமல் போலீசில் சொல்லிவிடுவதே நல்லது.

உத்தரபிரதேச போலீசார் 2020-ம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.