நாவும் நாடும் – 14: ரம் காய்ச்சும் மரம்

மொலாசஸ் எப்படிப் பிறக்கிறது என்று போன வாரம் பார்த்தாயிற்று. தொடர்ந்து வருகிறவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை. முதிர்ந்த ரம்மை ருசி பார்க்கும் முறையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கிரீன்ஹார்ட் என்று பெயர். தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் கயானா நாட்டுக் காடுகளில் வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தி. எளிதில் உளுத்துப்போகாது. துறைமுக மேடைகளுக்கும் மதகுக் கதவுகளுக்கும் இதைத் தேடிப்போய் வாங்கியிருக்கிறார்கள். நார்வேயின் நான்சென் வடதுருவப் பனிக்குள் செலுத்திய 'ஃப்ராம்' கப்பலின் வெளிப்புறத்தில், பனிக்கட்டியின் உராய்வைத் தாங்க அடித்த பலகை இந்த மரம்தான். ஷாக்கிள்டன் அண்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோன 'எண்டியூரன்ஸ்' கப்பலுக்கும் இதே கவசம். 1915இல் வெடல் கடலின் பனி அந்தக் கப்பலை நெரித்து மூழ்கடித்தது. 2022 மார்ச்சில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த மரத்தில் ரம் காய்ச்சுகிறார்கள் என்பதுதான் இந்த வாரம் என்னை வேறு எதையும் யோசிக்க விடாமல் செய்த செய்தி. நான் பீப்பாயைச் சொல்லவில்லை. பீப்பாய் ஓக் மரம்; அது உலகம் முழுக்க உள்ளது. இங்கே காய்ச்சுகிற பாத்திரமே மரம். கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில், டைமண்ட் என்ற இடத்தில் டெமராரா டிஸ்டில்லர்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. 'எல் டொராடோ' ரம் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே மூன்று மர வடிகலன்கள் இன்றும் வேலை செய்கின்றன.

முதலாவது போர்ட் மூரான்ட். இரண்டு பெரிய மரத்தொட்டிகளை ஒன்றோடொன்று இணைத்த அமைப்பு. மொலாசஸ் ஊறலை உள்ளே விட்டு நீராவியால் சூடேற்றுகிறார்கள். முதல் தொட்டியில் எழும் ஆவி இரண்டாவது தொட்டிக்குள் போய் அங்கே வீரியம் ஏறி, செம்புக் கழுத்தின் வழியே வெளியேறி, குளிர்ந்து ரம்மாக இறங்குகிறது. இதன் வயதை 1732 வரை கொண்டுபோகிறது நிறுவனம். பலகைகள் தேயத் தேயப் புதிது போட்டிருக்கிறார்கள். அமைப்பு அப்படியே நிற்கிறது. இரண்டாவது வெர்சாய், ஒற்றைத் தொட்டி. மூன்றாவது என்மோர். ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830இல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகலனை, உலோகத்துக்குப் பதில் மரத்தில் அடுக்கடுக்காகக் கட்டியது. 1880இல் எழுந்த அது, உலகில் இன்று ஓடுகிற ஒரே மர காஃபி ஸ்டில்.

மரம் ஏன் ருசியை மாற்றுகிறது? செம்புக்கு ஒரு குணம் உண்டு. ஆவியில் கலந்து வரும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விஸ்கி ஆலைகளில் பளபளக்கும் செம்புப் பானைகளைப் பார்க்கிறோம். மரத்தொட்டியில் ஆவி செம்பைத் தொடுகிற இடம் குறைவு. கனமான, எண்ணெய்ப் பசையுள்ள வாசனைகள் தப்பித்து ரம்முக்குள் வந்துவிடுகின்றன. பழகிய மண்சட்டியில் வைத்த மீன் குழம்புக்கும் புது எவர்சில்வரில் வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

மூன்று வடிகலன்களும் பிறந்த இடம் டைமண்ட் இல்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கரும்புத் தோட்டமும் தனக்கென்று ரம் காய்ச்சியது. சர்க்கரை விலை விழ விழத் தோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, ஆலைகள் மூடின. மூடியவர்கள் வடிகலனை விறகாக்கவில்லை. அடுத்த தோட்டத்துக்கு எடுத்துப்போனார்கள். போர்ட் மூரான்ட் தொட்டிகள் கிழக்கே பெர்பிஸ் பகுதியிலிருந்து கிளம்பி, உய்ட்ஃப்ளுக்ட் ஆலையில் பல ஆண்டுகள் இருந்து, அதுவும் மூடியபின் 2000 வாக்கில் டைமண்ட் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தினமும் ஊற்றிய ரம் கலவையில் டெமராரா ரம்முக்குப் பெரிய பங்கு இருந்தது. 1970 ஜூலை 31 அன்று கடற்படை அந்த வழக்கத்தை நிறுத்திய பிறகும் இந்தத் தொட்டிகள் ஓய்வெடுக்கவில்லை.

போர்ட் மூரான்ட் என்று எழுதிவிட்டு அந்த ஊரைக் கடந்துபோக என்னால் முடியாது. 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, ஒரு பகுதியினர் சென்னையிலிருந்து. சென்னையில் ஏறியவர்களை அங்கே மதராசிகள் என்றார்கள். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு பெர்பிஸ் பகுதியில் காளி மாய் பூஜையாக இன்றும் நடக்கிறது. தப்பு அடிக்கிறார்கள். மதுரை வீரனுக்கும் சங்கிலிக் கருப்புக்கும், பெயர் சற்றே உருமாறியிருந்தாலும், ரம்மும் சுருட்டும் படைக்கிறார்கள். நம் ஊர் எல்லைச் சாமிக்குச் சாராயம் வைத்த கை, கடல் தாண்டியபின் தான் வெட்டிய கரும்பின் ரம்மை வைத்தது.

அதே போர்ட் மூரான்ட் தோட்டத்தில்தான் 1918இல் செட்டி ஜெகன் பிறந்தார். 1992இல் நாட்டின் அதிபரானார். மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் ரோஹன் கன்ஹாய் பிறந்ததும் அங்கேதான். சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது இவர் மீதுள்ள மதிப்பால். அதே அணியின் பேசில் புட்சர் அந்த ஊர்க்காரர், ஜோ சாலமனும். 1960 டிசம்பர், பிரிஸ்பேன் டெஸ்ட். இரு அணிகளும் சம ஓட்டத்தில் நிற்கின்றன, பந்துகள் தீரப்போகின்றன, ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு விக்கெட். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு ஸ்டம்ப் மட்டுமே தெரியும் கோணத்தில் சாலமன் எறிந்த பந்து நேராகப் போய் அதைச் சாய்த்தது. டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை' அந்த எறிதலில் பிறந்தது. ஒரு கரும்புத் தோட்டம் உலகத்துக்கு இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது.

என்மோர் என்ற பெயருக்கு வேறொரு நினைவு உண்டு. 1948 ஜூன் 16 அன்று, கரும்பை வெட்டுகிறவரே படகில் ஏற்றவும் வேண்டும் என்ற முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது அந்தத் தோட்டத்தில் காவல் துறை சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். அவர்கள் அடக்கத்தின்போது ஜெகன் எடுத்த சபதம்தான் அவருடைய அரசியல் வாழ்வின் அடித்தளம். பாட்டிலில் என்மோர் என்று படிக்கும்போது அந்த ஐவரையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி கோப்பைக்கு வருவோம். எடுத்துக்கொள்வது எல் டொராடோ 15. இது 1992இல் சந்தைக்கு வந்தது. ரம் என்றால் கோலாவில் கலக்கும் மலிவுச் சரக்கு என்ற எண்ணத்தை உடைத்து, தனியாக உறிஞ்சிக் குடிக்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒன்று. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த யேசு பர்சாத், டைமண்ட் தோட்டத்தில் கரும்புத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். மர வடிகலன்களின் ரம் இந்தக் கலவையில் உண்டு. 15 என்ற எண், கலவையில் உள்ளவற்றில் மிக இளையதன் வயது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சில பாட்டில்களில் பெரிதாக அச்சிட்ட எண், கலவையின் மிக மூத்த துளியுடையதாக இருக்கும்.

வெப்பநாட்டில் 15 ஆண்டு என்பது சாதாரணம் இல்லை. ஸ்காட்லாந்துப் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். கரீபியன் வெயிலில் 6 சதவீதமும் அதற்கு மேலும் போகும். 6 என்றே வைத்துக் கணக்குப் போட்டால், 100 லிட்டர் ஊற்றிய இடத்தில் 15 ஆண்டுக்குப் பின் மிஞ்சுவது 40 லிட்டர். ஸ்காட்லாந்தில் 74 மிஞ்சியிருக்கும். மரத்தின் சாறு அந்த 40 லிட்டரில் இறுகி நிற்கிறது.

அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை ஒன்று எடுங்கள். 30 மில்லி போதும். அன்றைக்கு அதுதான் அளவு. ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் தொடாதீர்கள். நிறத்தைப் பார்த்து எடை போட வேண்டாம். கேரமல் சேர்த்து நிறம் கூட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான்.

கோப்பைக்குள் மூக்கை நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே பிடியுங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகருங்கள். ஆல்கஹாலின் காரம் மூக்கைத் தாக்காது. முதலில் வருவது பீப்பாய்: வனிலா, கொஞ்சம் தேங்காய், வறுத்த சர்க்கரை. போர்பன் விஸ்கியை ஒவ்வொரு முறையும் கரி படிந்த புது ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே கழித்துவிடும் பீப்பாய்கள்தான் கரீபியனுக்கு வருகின்றன. இந்த வாசனைகள் அவை தருபவை. பொறுங்கள். அதன் அடியிலிருந்து உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு. இன்னும் அடியில் அதிமதுரமும் சோம்பும், புதிதாகச் சீவிய பென்சிலின் மணமும். அதுதான் போர்ட் மூரான்ட். பீப்பாய் கொடுக்காத, வடிகலன் மட்டுமே கொடுக்கிற வாசனை. அதைக் கண்டுபிடித்த கணம் ரம் உங்களுக்குத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது வாயை மிகச் சிறிதாக எடுத்து, நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். அதிமதுரக் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள ரம் கிடைத்தால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விடலாம். காரம் தணிந்து வாசனை விரியும். இந்த 15க்கு அது தேவையில்லை. குடித்த கோப்பையைக் கழுவாமல் வையுங்கள். காலையில் காய்ந்த கோப்பையை முகர்ந்தால் ஆல்கஹால் போய்விட்டிருக்கும். மரமும் மொலாசஸும் தெளிவாகத் தனித்து நிற்கும்.

நாக்கில் ஒரு கனமான தித்திப்பும் தெரிந்திருக்கும். அது பீப்பாயின் வேலையா, யாரோ சேர்த்ததா? 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ரம்மில் சேர்க்கும் இனிப்புக்கு லிட்டருக்கு 20 கிராம் என்று வரம்பு போட்டிருக்கிறது. ஜமைக்கா இதில் கறார். பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர் ஆலையை நடத்தும் ரிச்சர்ட் சீல் பல ஆண்டுகளாக இந்த இனிப்புக்கு எதிராக வெளிப்படையாகப் பேசிவருகிறார். இதையும் இந்த வாரமே முடிக்கத்தான் நினைத்தேன். இரண்டு பத்தியில் முடிகிற வழக்கு இல்லை. அடுத்த வாரம் முழுக்க அதுதான்.

அதுவரை ஒன்று மட்டும். ரம்மில் வயது இரண்டாவது கேள்விதான். நல்ல ஓக்கில் நீண்ட காலம் வைத்தால் எந்தச் சாராயத்துக்கும் வனிலா மணம் வந்துவிடும், அதிமதுரம் வராது. கடைக்காரர் வயதை மட்டும் சொல்லிப் பாட்டிலை நீட்டினால், எந்த ஊரில், எந்த வடிகலனில் காய்ச்சியது என்று கேளுங்கள். அவரிடமும் பதில் இல்லை, லேபிளிலும் இல்லை என்றால் அந்த விலை கொடுக்காதீர்கள்.