பண்ணைக்கு லீவர் ரைபிள்: பெயருக்கு விலை கொடுப்பதா, வேலைக்கு விலை கொடுப்பதா?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மக்காச்சோளம் விதைக்கும் விவசாயிக்கு, மழைக்கு அடுத்தபடியான கவலை காட்டுப்பன்றிதான். விதைத்த அன்று இரவே கூட்டம் வயலில் இறங்கிவிடும். விதை வரிசையைப் பிடித்தபடி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மண்ணைக் கிளறி, விதைகளைப் பொறுக்கித் தின்றுவிடும். நிலக்கடலைக்கும் இதே கதிதான். ஆடு வளர்ப்போருக்கு வேறு தொல்லை. கயோட்டி எனப்படும், நரியைவிடப் பெரிய, ஓநாய் இனத்து விலங்கு குட்டிகளைத் தூக்கிச் சென்றுவிடுகிறது.

ஆகவே அங்குள்ள பண்ணைகளில் மண்வெட்டி, கம்பிவேலி முறுக்கும் குறடு ஆகியவற்றோடு ஒரு ரைபிளும் பண்ணைக் கருவியாகவே கருதப்படுகிறது. பெரும்பாலும் அது லீவர் ரைபிளாக இருக்கும். ஆனால் இந்த வகையில் பேர் பெற்ற மார்லின் கம்பெனியின் 336 என்ற மாதிரி மீண்டும் விற்பனைக்கு வந்த 2023-ல் அதன் பட்டியல் விலையே 1,200 டாலரைத் தாண்டிவிட்டது. வின்செஸ்டர் ரைபிளின் நிலையும் அதுவே. பன்றி விரட்ட இவ்வளவு பணம் போடத்தான் வேண்டுமா, மலிவான மாற்று உண்டா என்பது அங்குள்ள சிறு விவசாயிகளின் கேள்வி.

லீவர் ரைபிளுக்கு ஏன் இந்த மவுசு?

விசையைச் சுற்றி வளையம்போல் அமைந்த ஒரு நெம்புகோல் இதன் உயிர்நாடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள மற்றொரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் துருத்தும் கைப்பிடியோ, அடியில் தொங்கும் தோட்டாப் பெட்டியோ இல்லை. எனவே மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள இதனை டிராக்டரிலோ வண்டி இருக்கைக்குப் பின்னாலோ எதிலும் மாட்டாமல் வைத்து எடுக்கலாம். நாட்டுப்புறத்து வேலைக்கு இதுவே பெரிய வசதி.

ஒரு குறையும் உண்டு. குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தோட்டாவுக்கு நெருப்பு வைக்கும் சிறு கிண்ணம் அந்த அடியில்தான் உள்ளது. கூர்முனைத் தோட்டாவாக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் முனை குத்தி உள்ளேயே வெடிக்கும் அபாயம் இருக்கிறது. ஆகையால் தட்டை மூக்குத் தோட்டாக்களையே இதில் போடுகிறார்கள். முனையில் மிருதுவான பிளாஸ்டிக் வைத்த தோட்டாக்கள் பிற்பாடு வந்தன. தட்டை மூக்குத் தோட்டா காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ‘30-30’ என்ற வழக்கமான தோட்டாவுக்கு 150 முதல் 200 கஜம் வரைதான் நம்பகமான எல்லை. வேலியோரத்துப் பன்றிக்கு அது போதும்.

பெயர் ஒன்று, தொழிற்சாலை வேறு

பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் 1860-ல் காப்புரிமை பெற்ற ரைபிளிலிருந்து இந்தப் பரம்பரை தொடங்குகிறது. அதிலிருந்து வின்செஸ்டர் 1866, 1873 மாதிரிகள் வந்தன. பின்னர் ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த 1892, 1894 மாதிரிகள் வந்தன. 1894 மாதிரி மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. ‘வின்செஸ்டர்’ என்றாலே லீவர் ரைபிள் என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அது பரவியது.

ஆனால் 1964-ல் செலவைக் குறைக்க அந்தக் கம்பெனியே கையை வைத்தது. கடைந்து செய்த சில உறுப்புகளுக்குப் பதிலாகத் தகட்டில் அடித்த உறுப்புகள் புகுந்தன. பெயர் மாறவில்லை, விலையும் பெரிதாக இறங்கவில்லை. இன்றும் பழைய சாமான் சந்தையில் ‘1964-க்கு முந்தியது’ என்றால் தனி விலை. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இருந்த ஆலை 2006-ல் மூடப்பட்டது. தற்போது வின்செஸ்டர் பெயரில் வரும் லீவர் ரைபிள்கள் ஜப்பானில் மிரோக்கு ஆலையில் செய்யப்படுபவை. வேலைப்பாடு மிக நேர்த்தி, விலையும் அதற்கேற்ப.

மார்லின் கதையும் இதுபோன்றதே. 1948-ல் வந்த 336 மாதிரி, வின்செஸ்டருக்கு மாற்றாக விவசாயிகளிடம் நன்கு எடுபட்டது. அதன் மேல்பக்கம் மூடியது. வெற்றுக் கூடு பக்கவாட்டில் விழும். ஆகவே மேலே தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்த முடிந்தது. பழைய வின்செஸ்டரில் கூடு மேல்நோக்கித் தெறிப்பதால் அது முடியாது. நாற்பது வயதுக்கு மேல் கண் மங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தவிரவும், ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். பிறகு குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம்.

இந்தக் கம்பெனியை 2008-ல் ரெமிங்டன் வாங்கிற்று. 2011-ல் நார்த் ஹேவன் ஆலை மூடப்பட்டு, யந்திரங்கள் வேறு ஊர்களுக்குப் போயின. பழைய தொழிலாளிகளின் கைப்பழக்கத்தை லாரியில் ஏற்ற முடியாதல்லவா! அடுத்து வந்த ரைபிள்களில் மரம் பொருந்தவில்லை, குறிக்கட்டை சாய்ந்திருக்கிறது என்று வாங்கியவர்கள் பரவலாகக் குறை கூறினர். 2020-ல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் கம்பெனி மார்லினை எடுத்துக்கொண்டது. ரூகர் செய்த மார்லின் 2021 இறுதியிலிருந்து வரத் தொடங்கியது. தரம் மீண்டுவிட்டது என்பதே பொதுவான கருத்து. ஆக, மார்லின் என்று பொறித்த ஒரே மாதிரி ரைபிளில் மூன்று கைகளின் வேலை இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் எந்தக் கையின் வேலையை வாங்குகிறோம் என்பதை அறியமாட்டார்.

துப்பாக்கியால் பன்றி தீருமா?

மாற்றுகளைப் பார்க்குமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு பன்றியைச் சுட்டால் மீதிக் கூட்டம் கலைந்து அடுத்த பண்ணைக்குப் போகும்; சில நாளில் இரவில் மட்டும் வரப் பழகிவிடும். பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். அமெரிக்க விவசாயத் துறை 2014-ல் இதற்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. வட்டக் கம்பிக்கூண்டு அமைத்து, சோளம் போட்டுப் பழக்கி, கூட்டம் முழுவதும் உள்ளே வந்த பிறகே கதவை விழச்செய்யும் முறையை நிபுணர்கள் முதன்மையாகச் சொல்கிறார்கள். கான்சாஸ் மாநிலம் காட்டுப்பன்றி வேட்டையை ஒரு பொழுதுபோக்காக நடத்துவதையே தடை செய்துவிட்டது. டெக்ஸாஸ் நேர் எதிர். நில உரிமையாளரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் பன்றி சுட 2019 முதல் அங்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை.

எனவே பண்ணை ரைபிளின் வேலை சிறியது. கூண்டுக்குத் தப்பிய ஒன்றிரண்டைச் சுடுவது, பட்டியருகே வரும் கயோட்டியைத் தடுப்பது, இவ்வளவுதான். சிறிய வேலைக்கு அளவான கருவி போதும். மிச்சப்படும் பணத்தைக் கூண்டிலும் வேலியிலும் போடுவதே கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியம்.

(நம் நாட்டில் நிலைமை வேறு என்பதை விவசாயிகள் மறக்கக்கூடாது. இங்கு காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், துப்பாக்கி 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் வருகின்றன. அனுமதியின்றி எதிலும் கைவைக்க முடியாது.)

மலிவில் எது தேறும்?

முதலில் பழைய சரக்கு. மார்லின் கம்பெனியே கிளென்பீல்டு என்ற வேறு பெயரில், பெரிய கடைகளில் விற்பதற்காக மலிவு ரைபிள்களை 1980-களின் தொடக்கம் வரை செய்து வந்தது. உள்ளே இருப்பது 336-ன் இரும்பே. வால்நட் மரத்துக்குப் பதிலாகச் சாயம் பூசிய சாதாரண மரம், மேல்மெருகு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சியர்ஸ் கடைகளில் சியர்ஸ் பெயரிலேயே விற்ற 30-30 ரைபிள் ஒன்றும் வின்செஸ்டர் செய்து கொடுத்ததுதான். பெயருக்கு மயங்காதவர்களுக்கு இவை இன்றும் நல்ல பேரம். இரும்பு தெரிந்தவர்கள் பலர் கிளென்பீல்டைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிவிட்டதால் பழைய மலிவு இப்போது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பிரேசில் நாட்டு ரோஸ்ஸி. வின்செஸ்டர் 1892 அமைப்பைப் பின்பற்றி இந்தக் கம்பெனி பல ஆண்டுகளாக ரைபிள் செய்து வருகிறது. பிரௌனிங்கின் அந்த அமைப்பு, தோட்டாவின் பின்னடைப்பை இரண்டு பக்கமும் இரும்புக் கட்டைகளால் பூட்டுவது. வலுவில் குறை சொல்ல முடியாது. .357 மேக்னம் ரைபிளில் அதைவிட மெதுவான, சத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை. நூறு கஜத்துக்குள் பன்றிக்கு .357 போதும். குறை என்னவென்றால், புதிதாக வரும்போது லீவர் கரகரவென்று ஓடும். தோட்டா நுழைக்கும் பக்கக் கதவின் வில் கட்டைவிரலை நோகச் செய்யும். சில நூறு முறை ஓட்டினால் பழகிவிடும், அல்லது தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முனைகளைத் தேய்த்து வாங்கலாம். மார்லின் 336 பாணியில் 30-30 ரைபிளும் ரோஸ்ஸி இப்போது தருகிறது. மார்லினைவிட விலை குறைவு.

ஹென்றி என்ற பெயரில் வருவது பழைய ஹென்றியின் வாரிசு அல்ல. நியூயார்க் நகரத்து புரூக்ளின் பகுதியில் 1990-களில் தொடங்கிய புதிய கம்பெனி அது. அதன் .22 ரைபிள் லீவர் வெண்ணெய்போல் ஓடும். மேலுறை துத்தநாகக் கலப்பு உலோகம். சிறிய .22 தோட்டாவுக்கு அதனால் கேடில்லை. பன்றிக்கு .22 ஆகாது, எலிக்கும் அணிலுக்கும்தான். அதே கம்பெனியின் 30-30 நல்ல ரைபிள். ஆனால் விலையில் மார்லினை நெருங்கி நிற்பதால் அதை மலிவு மாற்று என்று சொல்வதற்கில்லை. மாஸ்பெர்க் கம்பெனி 2008-ல் 464 என்ற சாதாரண விலை 30-30 ஒன்றைக் கொண்டுவந்து, பிறகு நிறுத்திவிட்டது. பழையது கிடைத்தால் பார்க்கலாம். உதிரி உறுப்புக்கு அலைய நேரும். மோட்டார் பம்பு வாங்கும்போது உதிரி கிடைக்குமா என்று கேட்கும் விவசாயி, இதிலும் அதையே முதலில் கேட்க வேண்டும்.

தோட்டாவின் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். கொரோனா தொற்று தொடங்கிய 2020-க்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளில் 30-30 தோட்டா பல கடைகளில் கண்ணில் படவில்லை. ரைபிளில் இருநூறு டாலர் மிச்சம் பிடித்தவர் தோட்டாவில் அதை விட்டதுண்டு. எந்தத் தோட்டா அருகிலுள்ள ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிறதோ அதற்கேற்ற ரைபிளை வாங்குவதே முறை.

பழைய ரைபிளைச் சோதிப்பது எப்படி?

கடையில் கையில் எடுத்ததும், உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு குழலை வெளிச்சத்தில் பார்க்கலாம். முன்வாய் ஓரம் மழுங்கியிருந்தால், முன்னாலிருந்து கம்பிவிட்டுத் துடைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள், குறி தப்பும். கட்டை கைபிடிக்கும் இடத்தில், இரும்பு சேரும் பகுதியில், முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது.

மார்லினில் தனியாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டாவைத் தூக்கிவிடும் உறுப்பை லீவர் உரசி உரசிப் பள்ளம் விழுந்தால், இரண்டாவது தோட்டாவும் அதற்கடியில் நழுவி வந்து எல்லாம் இறுகிப்போகும். வெடிமருந்தில்லாத பொய்த்தோட்டாக்கள் ஐந்தாறை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும் லீவரை ஓட்டினால் இந்த நோய் அங்கேயே தெரிந்துவிடும். குழலில் பொறித்துள்ள ‘ஜே.எம்.’ முத்திரை பழைய கனெக்டிகட் ஆலையின் அடையாளம். விற்பவர் விலை ஏற்றிச் சொன்னால் அந்த முத்திரையைக் காட்டச் சொல்லலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே வயலுக்கு எடுத்துப் போகாமல், மண்மேடு பின்னணியாக உள்ள இடத்தில் பலகை நட்டு, ஐம்பது கஜத்தில் சாய்த்து வைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாக்களை ஐந்தைந்தாகச் சுட்டால், எது ஓரிடத்தில் விழுகிறது என்பது தெரியும். சிறிய .22 தோட்டாகூட ஒன்றரை மைல் போகக்கூடியது. பின்னால் வெட்டவெளியோ வீடோ இருந்தால் விசையில் கை வைக்கக்கூடாது. வேலை முடிந்து தோட்டாவை வெளியேற்ற, லீவரை ஒவ்வொரு முறையாக ஓட்டித்தான் எடுக்க வேண்டும். அந்நேரம் விரல் விசைக்கு வெளியிலும், குழல் வாய் மண்ணை நோக்கியும் இருக்க வேண்டும். எண்ணிப் போட்ட தோட்டாக்கள் எண்ணிக்கை குறையாமல் வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே ரைபிளை வண்டியில் வைக்கலாம்.