கேட்க ஆளில்லாத பெண்கள்

நம் வீட்டுப் பெண் வெளியூருக்கு வேலைக்குப் போகிறாள். பேசிய கூலி வரவில்லை. மேஸ்திரியின் பார்வை சரியில்லை. அவள் என்ன செய்வாள்? மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவாள். குடிசையே ஆனாலும் அங்கே அவளுக்கு ஒரு பாய் உண்டு. கேட்க அப்பன் உண்டு, அண்ணன் உண்டு. அந்தப் பயம் மேஸ்திரிக்கும் உண்டு!

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு?

பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தையல்ல. இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அதுவரை மணியடித்தால் எழுந்தாள், மணியடித்தால் உண்டாள். கூலிக்கணக்குப் பார்த்ததில்லை, வாடகை பேசியதில்லை. கீழ்ப்படிந்தால் நல்ல பெண் என்றே கேட்டு வளர்ந்தவள், ‘மாட்டேன்’ என்று சொல்ல எங்கே பழகுவாள்?

இதை மோப்பம் பிடித்து வருகிறான் தரகன். முதலில் அவன் காட்டுவது கத்தியல்ல, அன்பு! ‘உனக்கு நான் இருக்கிறேன்’ என்கிறான். வேலை என்கிறான், தங்க இடம் என்கிறான், கல்யாணம் என்கிறான். வேலையும் படுக்கையும் ஒருவன் கையில் சிக்கிவிட்டால், எதிர்த்துப் பேசிய அன்றே தெருதான் கதி. முதலாளியின் லயத்தில் குடியிருந்து உழைத்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

‘அவளுக்குப் புத்தி எங்கே போயிற்று?’ என்பர் சிலர். குறைவது புத்தியல்ல, போக்கிடம்!

இல்லத்துக்குள் இருக்கும்போதே கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பீகாரின் முசாபர்பூர் காட்டியது. அங்கே சிறுமியர் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமை 2018-இல் அம்பலமாயிற்று. வெளியிலிருந்து ஆய்வுக்குச் சென்ற டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் சிறுமியரிடம் பேசினார்கள், உண்மை வெளிவந்தது. 2020 ஜனவரியில் டில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் குரல் சுவரைத் தாண்டவில்லையே, ஏன்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, பதினெட்டு வயதில் இல்லம் விட்டுச் செல்வோருக்கு நிதியுதவி ‘அளிக்கப்படலாம்’ என்கிறது. வெளியேறிய பிறகும் 21 வயது வரை பராமரிப்புக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன.

ஆனால் அந்த ‘லாம்’ என்ற சொல்லைப் பாருங்கள்! கொடுத்தால் தயவு, கொடுக்காவிட்டால் கேள்வியில்லை. உரிமையென்றால் அவள் அலுவலகப் படியேறிக் கேட்கலாம். தயவென்றால் கைகட்டி நிற்க வேண்டும். கைகட்டி நிற்கவே பழக்கப்பட்டவளை மறுபடியும் கைகட்டச் சொல்வதா? ‘லாம்’ போய் ‘வேண்டும்’ வரவேண்டும் என்கிறோம் நாம். பணத்தோடு தங்குமிடமும், அவள் நம்பிப் பேச ஓர் ஆளும் வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் சும்மா இருப்பதா? தோழர்களே! உங்கள் ஆலைக்கு, உங்கள் தெருவுக்கு அப்படியொரு பெண் வந்தால், கதை கேட்டு அவளை வருத்தாதீர்கள். சங்கத்தில் சேருங்கள். கூலிச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பெண் தோழர்களிடம் அறிமுகப்படுத்துங்கள். அவளுக்குக் கேட்க ஆளிருக்கிறது என்று தரகனுக்குத் தெரியட்டும்!